யாரால் என்று கேட்காதே

எவர் மனமும் புண்படாத வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே தீருவது என்று டெல்லியிலும் சென்னையிலும் குழு மேல் குழு போட்டுப் பெரியவர்கள் பாடுபடுகிறார்கள். பாவம், எதற்கு இந்தச் சிரமம்? ஒரே ஒரு திருத்தம் போதும். மூன்றாம் வேற்றுமை உருபைத் தடை செய்துவிடுங்கள். எல்லா வம்புக்கும் அந்த 'ஆல்'தான் காரணம். அது ஒழிந்தால் மக்கள் ஒடுக்கப்பட்டார்கள், ஒடுக்கியவர் இல்லை. பெண்கள் தாக்கப்பட்டார்கள், தாக்கியவர் இல்லை. குடிசை கொளுத்தப்பட்டது, கொளுத்தியவர் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது, சாதி இருந்தது, பிறகு சீர்திருத்தவாதிகள் தோன்றினார்கள், சாதி போய்விட்டது. ஐந்து மதிப்பெண், முழுசாக.

சொல்லப்போனால் தடை ஏற்கெனவே அமலில்தான் இருக்கிறது. அரசாணைதான் இன்னும் வெளிவரவில்லை.

காந்தி கொலையை எடுத்துக்கொள்வோம். என்.சி.இ.ஆர்.டி.யின் 12-ஆம் வகுப்பு வரலாற்று நூல் முன்பெல்லாம் கொலையாளியை ஓரளவு முழுமையாகவே அறிமுகம் செய்தது. அவர் புனேயைச் சேர்ந்த பிராமணர், தீவிர இந்து ஏடு ஒன்றின் ஆசிரியர், முஸ்லிம்களுக்குச் சலுகை காட்டுகிறார் என்று காந்தியைத் தூற்றியவர் என்றெல்லாம் அதில் இருந்தது. 2023-இல் கடைக்கு வந்த பதிப்பில் நாதுராம் கோட்சே என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. ஊர் போயிற்று, சாதி போயிற்று, தொழில் போயிற்று, காரணமும் போயிற்று. மாலை நடை போன எவனோ ஒருவன் கைத்துப்பாக்கியோடு வழிதவறி பிர்லா மாளிகைக்குள் நுழைந்துவிட்டான் போலிருக்கிறது. கொலைக்குப் பிறகு ஆர்.எஸ்.எஸ். சிறிது காலம் தடை செய்யப்பட்ட செய்தி அரசியல் அறிவியல் நூலில் இருந்தது. அதுவும் போயிற்று. 2002 குஜராத் கலவரம் பற்றிய பகுதிகளும் போயின. காரணம் கேட்டால், கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளின் பாடச்சுமையைக் குறைத்தோம் என்றார்கள். இரண்டு வருடம் செல்போனில் பாடம் கேட்டுக் கண் பூத்துப்போன பிள்ளைக்குக் கோட்சேயின் தொழில் தாங்க முடியாத பாரமாகிவிட்டதாம்! என்ன கருணை, என்ன கருணை.

2024-இல் அந்தக் கருணை இன்னும் ஓரடி முன்னே போனது. 12-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் பாபர் மசூதி தன் பெயரை இழந்து 'மூன்று குவிமாடக் கட்டுமானம்' ஆனது. மூன்று குவிமாடங்கள் உண்டு, எண்ணிக்கொள்ளலாம். மசூதி மட்டும் கிடையாது. பள்ளியில் கலவரங்களைப் பற்றி ஏன் சொல்லித்தர வேண்டும், வன்முறையாளர்களையும் மனச்சோர்வு கொண்டவர்களையுமா உருவாக்கப் போகிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. கவுன்சிலின் இயக்குநர் செய்தியாளரிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கலவரம் செய்தவர்களுக்கு இல்லாத மனச்சோர்வு, கலவரத்தைப் படிக்கும் பிள்ளைக்கு எதற்கு?

இந்த வெட்டுகளையெல்லாம் பார்த்து, அந்த அரசியல் அறிவியல் நூல்களின் முதன்மை ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் எங்கள் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று 2023-இல் எழுதிக் கேட்டார்கள். அத்தியாயம் அத்தியாயமாக எடுத்தெறியத் தெரிந்த கவுன்சிலுக்கு இரண்டே இரண்டு பெயர்களை எடுக்க மட்டும் மனம் வரவில்லை.

ஆனால் 'ஆல்' உருபு டெல்லியில் அறவே ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கென்று ஒரு தனி இடம் வைத்திருக்கிறார்கள். 12-ஆம் வகுப்பில் முகலாய அரசவைகள் பற்றிய அத்தியாயம் முழுதாகப் போனது. 2025-இல் வந்த புதிய ஏழாம் வகுப்பு நூலில் டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும் காணாமல் போனார்கள். பிறகு புதிய எட்டாம் வகுப்பு நூலில் திரும்ப வந்தார்கள். எப்படி வந்தார்கள்? வரலாற்றின் இருண்ட காலங்கள் பற்றிய ஒரு முன்னெச்சரிக்கைக் குறிப்போடு வந்தார்கள். அங்கே யார் கொன்றார், யார் இடித்தார், யார் கொடுமை செய்தார் என்பதெல்லாம் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் பிசகாமல் இருக்கிறது. முன்னோர் செய்ததற்கு இன்றுள்ளவர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என்ற அறிவுரையும் அதே குறிப்பில் உண்டு. அருமையான அறிவுரை. அதே அறிவுரையைப் போட்டுவிட்டு அதே தைரியத்தோடு சாதிக் கொடுமையையும் எழுதியிருக்கலாம் அல்லவா? ஆறாம் வகுப்பில் வருண முறை பற்றிய பகுதிகளைச் சுருக்கும்போது அந்த தைரியம் எங்கே போயிற்று? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அடுத்தவன் பாட்டன் செய்தால் அது வரலாறு. நம் பாட்டன் செய்தால் பாடச்சுமை.

வெட்டியவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முகலாயர் டெல்லியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஔரங்கசீப்பின் படை வந்து எட்டு வருடம் செஞ்சிக் கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்தது. 1698-இல்தான் கோட்டை விழுந்தது. பிறகு 1714-இல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். நவாப் முஸ்லிம், தேசிங்கு ராஜபுத்திரன். அப்பாடா, இதைப் புத்தகத்தில் போடலாம் என்று குழு உறுப்பினர் பேனாவைத் திறப்பதற்குள், தேசிங்குக்காகக் களத்தில் உயிரைக் கொடுத்த நண்பன் மகபத்கானும் முஸ்லிம் என்று தெரிகிறது. நாட்டுப்புறக் கதைப்பாடல் அந்த நட்பை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறது. எழுத்தறியாத பாடகனுக்குப் புரிந்த இந்தச் சிக்கல், முனைவர் பட்டங்களோடு உட்கார்ந்திருக்கும் குழுவுக்குப் புரியவில்லை. பேனாவை மூடிவிடுகிறார்கள். செஞ்சிக்குச் சுற்றுலா போகும் பிள்ளை மசூதியையும் கோயிலையும் கல்யாண மகாலையும் செல்பி எடுத்துக்கொண்டு, யார் எதற்காக இங்கே சண்டை போட்டார்கள் என்று தெரியாமலேயே வீடு திரும்புகிறது.

டெல்லிக்காரன் அப்படித்தான் என்று நாம் மீசையை முறுக்கிக்கொள்வதற்கு முன், நம் வீட்டுக் கதை ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உட்பட, நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் உயர்சாதியார் முன் மார்பை மூடக் கூடாது என்றிருந்தது. சட்டை போட்ட பெண்களைச் சந்தையில் மறித்து அதைக் கிழித்தார்கள். 1829-இல் அரசே மூடக் கூடாது என்று பிரகடனம் போட்டது. பெண்கள் விடவில்லை. முப்பது வருடம் கழித்து, கலவரங்களுக்கும் சென்னை மாகாண ஆளுநரின் நெருக்குதலுக்கும் பிறகு, 1859-இல் மன்னர் இன்னொரு பிரகடனம் வெளியிட்டார். மூடிக்கொள்ளலாம். ஆனால் அதிலும் ஒரு வால் இருந்தது: உயர்சாதிப் பெண்கள் போல மட்டும் மூடக் கூடாது. கொடுக்கும் கையிலேயே ஒரு கிள்ளு. சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பிள்ளைக்குப் புரியவைக்க அந்த ஒரு வால் போதும். ஆயிரம் பக்கம் சொற்பொழிவு வேண்டாம்.

இது என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு நூலில், உடையின் சமூக வரலாறு என்ற பாடத்தில் இருந்தது. கேரளப் பிள்ளை மட்டுமல்ல, உத்தரப் பிரதேசப் பிள்ளையும் படித்தது. தெற்கத்திப் பெண்கள் நடத்திய ஒரு போராட்டம் அகில இந்தியப் புத்தகத்தில் இடம் பிடித்தது சாதாரண காரியமா? அந்தப் பகுதியில் நாடார்களைப் பற்றி இழிவான, பிழையான வரிகள் இருக்கின்றன என்று 2012-இல் தமிழ்நாட்டுத் தலைவர்கள் கண்டித்தார்கள். வழக்கும் நடந்தது. வரி பிழையென்றால் என்ன செய்ய வேண்டும்? திருத்த வேண்டும். சி.பி.எஸ்.இ. என்ன செய்தது? அந்தப் பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2019-இல் பாடமே போயிற்று, பாடச்சுமைக் கணக்கில், விவசாயிகள் பற்றிய பாடத்தோடும் கிரிக்கெட் பற்றிய பாடத்தோடும் சேர்ந்து. இழிவான வரியும் போயிற்று, இழிவை எதிர்த்த பெண்ணும் போய்விட்டாள். சட்டையைக் கிழித்தவன் கையும் போயிற்று. அவனுக்குத்தான் லாபம்.

2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா. இரண்டு மாநில முதலமைச்சர்கள் ஒரே மேடையில். கொடி, தோரணம், நேரலை. வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேடையைப் பிரித்த மறுநாள் பந்தல்காரன் கம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவான். புத்தகத்தில் இருந்திருந்தால் அது வருடா வருடம் கோடிப் பிள்ளைகள் கையில் இருந்திருக்கும். நமக்குப் பந்தல்தான் பிடிக்கிறது.

சென்னைக்கு வருவோம். சமச்சீர்க் கல்வி நினைவிருக்கிறதா? 2011-இல் ஆட்சி மாறியது. பழைய ஆட்சி அச்சடித்த கோடிக்கணக்கான புத்தகங்கள் கிடங்கில் கிடந்தன. புதிய ஆட்சிக்கு அவற்றைத் தொட மனமில்லை. ஜூன், ஜூலை முழுக்கப் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் மண்டையில் தட்டிய பிறகுதான் புத்தகம் வெளியே வந்தது. வந்தது எப்படி? முந்தைய முதலமைச்சர் வருகிற இடமெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி, கருப்பு மை பூசி வந்தது. உலகத்திலேயே மறைக்க முடியாத ஒன்று உண்டென்றால் அது ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதுதான். எட்டு வயதுப் பிள்ளையும் நகத்தால் சுரண்டிப் பார்க்கும். அந்த ஆண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் ஆர்வமாகப் படித்த ஒரே பகுதி, அரசு படிக்கக் கூடாது என்ற பகுதிதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைச் செய்முறைப் பாடமாகவே நடத்திக் காட்டினார்கள்.

அடுத்து 2021. புதிய ஆட்சி, புதிய சீர்திருத்தம். பாடநூலில் தலைவர்கள், அறிஞர்கள் பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வால்களை அறுத்தார்கள். உ.வே.சாமிநாத ஐயர் உ.வே.சாமிநாதர் ஆனார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மீனாட்சிசுந்தரனார் ஆனார். வாழும் மனிதன் தன் வாலைத் தானே வெட்டிக்கொள்வது தமிழ்நாட்டின் பெருமை, அதில் சந்தேகமில்லை. செத்துப்போனவரின் வாலை அரசு அறுப்பது வேறு சங்கதி. 19-ஆம் நூற்றாண்டில் ஏடு படிக்க யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பதற்கு அந்த வால் ஒரு சாட்சி. சாட்சியைக் கலைத்துவிட்டு வழக்கு முடிந்தது என்றால் எந்த நீதிபதி ஒப்புவார்?

புத்தகத்தில் சாதி இல்லை. புத்தகத்தைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது, கலர் கலராக, கயிறாக. யார் எந்தக் கலர் என்று தென்மாவட்டத்தில் எந்தப் பிள்ளையும் எந்தப் பாடநூலும் இல்லாமல் சொல்லும். 2019-இல் பள்ளிக்கல்வி இயக்குநர் அந்தக் கயிறுகளைக் கவனியுங்கள் என்று சுற்றறிக்கை விட்டார். எனக்குத் தெரியாமல் போன அறிக்கை அது என்று அன்றைய அமைச்சரே கைவிரித்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் பக்கத்து நாட்டுத் தீவிரவாதிகள் அல்ல, அதே பள்ளி மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை. கயிற்றைத் தடை செய், பள்ளிப் பெயரில் உள்ள சாதியை எடு என்றெல்லாம் அதில் பரிந்துரை. 2025-இல் அரசு மாணவர் விடுதிகளின் பெயர் 'சமூகநீதி விடுதி' ஆனது. நமக்குப் பெயர் மாற்றத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரிவதில்லை.

வெட்டிய அந்தப் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்? எவர் மனமும் புண்படாத இந்தப் புத்தகத்தில்தான் படித்தார்கள். எல்லோரும் ஓர் குலம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் சுவரொட்டியும் ஜெயந்தி விழாவும் வாட்ஸ்அப்பும் வேறு வரலாறு சொல்லித்தந்தன. பள்ளி வாயை மூடிக்கொண்டால் பிள்ளைக்கு வரலாறு கிடைக்காமல் போய்விடாது. சாதிச் சங்கம் இலவசமாகவே நடத்தும், மதிய உணவும் போட்டு.

சோழர் காலத்துக்குப் போனால் பெருமை பொங்கி வழிகிறது. குடவோலை! உத்திரமேரூர்க் கல்வெட்டு! வாக்குப்பெட்டியைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான்! முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டு உண்மையிலேயே வியப்பானது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்க முடியாது என்று 1,100 வருடத்துக்கு முன் கல்லில் வெட்டிவைத்தது இன்றைய எம்.எல்.ஏ.க்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் வேட்பாளர் தகுதியையும் சேர்த்துப் படியுங்கள். வயது 35-லிருந்து 70. வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. வேதப் பயிற்சி. அது பிராமணர்களுடைய ஊர்ச் சபை. நிலமில்லாதவனுக்கும், வேதம் காதில் விழவே கூடாது என்று விலக்கிவைக்கப்பட்டவனுக்கும், எந்தப் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. தகுதிகளை மனப்பாடம் செய்யும் பிள்ளையிடம், 'சரி, உன் கொள்ளுத்தாத்தா நிற்க முடிந்திருக்குமா?' என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அன்றைக்கு அந்த வகுப்பில் வரலாறு நடந்தது என்று பொருள். கேட்டால் மறுநாள் அந்த ஆசிரியர் எந்த ஊரில் இருப்பார் என்பது வேறு கேள்வி.

தஞ்சைப் பெரிய கோயில் இன்னும் பெரிய விஷயம். ராஜராஜன் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் கணக்கு அதன் சுவரிலேயே இருக்கிறது. வரி இல்லாத நிலம் என்று ஒவ்வோர் ஊரிலும் எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்ற பட்டியல்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, வெள்ளான் சுடுகாடு, பறைச் சுடுகாடு. ஆம், சுடுகாடு இரண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன் வரிக் கணக்குப்பிள்ளை கை நடுங்காமல் வெட்டிவைத்ததை, இன்று பாடநூல் எழுதுகிறவர் படிக்கவே நடுங்குகிறார். சதய விழாவை அரசு விழாவாகக் கொண்டாடுங்கள், விமானத்தின் உயரத்தைச் சொல்லுங்கள், தலை நிமிரட்டும். அதே சுவரில் கீழே எழுதியிருப்பதைப் படிக்கக் கொஞ்சம் குனியவும் வேண்டாமா? தன் ஊரில் இன்றைக்கும் இரண்டு சுடுகாடு இருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, அது எத்தனை வருடப் பழக்கம் என்று சொல்ல அரசாங்கச் செலவில் கல்வெட்டே வெட்டிவைத்திருக்கிறார்கள். இதைவிட மலிவான கற்பித்தல் கருவி எந்த ஸ்மார்ட் வகுப்பறையில் கிடைக்கும்?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கம் வைத்த விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். தாக்க வந்தவர்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு நடந்தது. கீழ்நீதிமன்றம் பண்ணையார்களைத் தண்டித்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலனும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. கார் இருந்தால் குற்றம் இல்லை. நடந்துபோகிறவன்தான் தீ வைப்பான். 44 பேர் எரிக்கப்பட்டார்கள், யாராலும் அல்ல. பாடநூல் குழு இவ்வளவு கச்சிதமாக எழுத ஆசைப்பட்டிருந்தால்கூட எழுதியிருக்க முடியாது. நீதிமன்றம் எழுதிக் கொடுத்துவிட்டது.

இந்த ரீதியில் போனால் வருங்காலத்தில் வினாத்தாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

1. சரியான விடையைத் தேர்ந்தெடு. கீழ்வெண்மணியில் 44 பேர் இறந்ததற்குக் காரணம்: அ) தீ ஆ) கூரை இ) காற்று ஈ) இவை அனைத்தும்.

2. கோடிட்ட இடத்தை நிரப்புக. தோள்சீலை அணிந்த பெண்கள் ______ தாக்கப்பட்டனர். (நிரப்பினால் மதிப்பெண் இல்லை.)

3. சரியா, தவறா? அயோத்தியில் மூன்று குவிமாடங்கள் ஆகாயத்தில் இருந்தன.

4. சுருக்கமாக விடையளி. 1892-க்குப் பிறகு பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் தானாக எழுந்து நடந்து எங்கே போனது?

5. விரிவாக விடையளி. தமிழ்நாட்டில் சாதி ஒழிந்த தேதி எது? உன் பாடநூல் அச்சான தேதியைப் பார்த்து எழுது. விடையைக் கயிறு கட்டாத கையால் எழுதவும்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

உடனே ஒரு குரல் கேட்கும்: 'நாங்கள்தான் எல்லோரையும் சேர்த்துவிட்டோமே! அயோத்திதாசர் இருக்கிறார், இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார், எம்.சி.ராஜா இருக்கிறார்.' இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் பற்றிய பாடத்தில் ஆளுக்கொரு படமும் பத்தியும் உண்டு. அது வேண்டும், அதற்கே நூறு வருடம் ஆயிற்று. ஆனால் பிறந்தார், பத்திரிகை நடத்தினார், வட்டமேசை மாநாட்டுக்குப் போனார், இறந்தார் என்றால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? யாரோடு சண்டை போட்டார், யார் அவரைக் கிணற்றிலும் தெருவிலும் பள்ளியிலும் தடுத்தது என்பது இல்லாமல் அவர் போராளியாக எப்படி ஆவார்? எதிராளி இல்லாத குஸ்தியில் ஜெயித்தவர் மாதிரி நிற்கிறார், பாவம்.

ஒவ்வொரு சாதிக்கும் புத்தகத்தில் ஒரு படம் வேண்டும். நியாயம். கைரேகைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த 16 பேருக்கும் இடம் வேண்டும், அதுவும் நியாயம். அங்கே 'ஆல்' போடுவதில் எவருக்கும் தயக்கம் இல்லை, வெள்ளைக்காரனால். நாம் அடிபட்ட பக்கம் மட்டும் வேண்டும், நாம் அடித்த பக்கம் வேண்டாம் என்பதில் டெல்லிக்காரன், சென்னைக்காரன், வலதுசாரி, திராவிடம், எந்தச் சாதிச் சங்கம் என்ற பேதமே கிடையாது. வேற்றுமையில் ஒற்றுமை என்று நாம் பெருமையாகச் சொல்வது ஒருவேளை இதைத்தானோ என்னவோ. எல்லாச் சாதியும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரலாறு எது தெரியுமா? எல்லோரும் அடிபட்டோம், யாரும் அடிக்கவில்லை.

'பிஞ்சு மனசு தாங்குமா?' என்று கேட்கிறார்கள். எந்தப் பிஞ்சு என்று முதலில் சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு இது எதுவும் புதிதல்ல. டீக்கடையில் தன் அப்பாவுக்கு எந்தக் கிளாஸ் என்று அது பார்த்திருக்கிறது. கழிப்பறையைக் கழுவ யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரியும். அந்தப் பிஞ்சின் மனம் புண்பட்டு எத்தனையோ காலமாயிற்று, அப்போது எந்தக் குழுவும் கூடவில்லை. நீங்கள் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவது முதல் பெஞ்சுப் பிஞ்சை. தன் தாத்தா செய்ததைத் தெரிந்துகொண்டு ஒருநாள் தலை குனிந்து, மறுநாள் பக்கத்து பெஞ்சுக்காரனின் முகத்தை நேராகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அந்தப் பிள்ளையிடமிருந்தும் நீங்கள் பிடுங்கிக்கொள்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் துரோகம் செய்துவிட்டு அதற்குக் குழந்தை உளவியல் என்று பெயர் வைக்கிறீர்கள்.

புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை, ஐயா. எழுதிவைத்ததை அச்சிடுங்கள் என்கிறோம். தஞ்சைக் கல்வெட்டின் அந்தச் சில வரிகளைப் போடுங்கள். 1859 பிரகடனத்தை வாலோடு போடுங்கள். வெண்மணித் தீர்ப்பின் கார் பத்தியைப் போடுங்கள். கோட்சேயின் தொழிலைத் திருப்பிக் கொடுங்கள். பாபர் செய்ததையும் எழுதுங்கள், பண்ணையார் செய்ததையும் எழுதுங்கள், ஒரே அளவு எழுத்தில். கருத்துகூடச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், புரிந்துகொள்வார்கள்.

எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் வாச்சாத்தியில் தொடங்குங்கள். தருமபுரி மாவட்டத்தின் மலையடிவார ஊர், பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அந்த ஊர் மக்கள் பத்தொன்பது வருடம் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இங்கே யார் செய்தது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. 269 பேரும் தமிழ்நாடு அரசின் ஊழியர்கள். பாடநூலை அச்சிடுவதும் தமிழ்நாடு அரசுதான். அந்தத் தீர்ப்பைப் பத்தாம் வகுப்பில் ஒரு பக்கம் போடட்டும். போடுகிற வரைக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட வரலாறு என்று எந்த அமைச்சரும் எந்த மேடையிலும் வாய் திறக்க வேண்டாம்.